அம்மாயியை அம்மம்மா என்று சொல்லும் பிள்ளைக்கு

கேள்வி கேட்ட பிள்ளைக்கு 22 வயது. கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்று. வெளியூரில் கம்பஸ் படிக்கிறாள். இன்னும் மூன்று பிள்ளைகளோடு ஒரு வாடகை அறையில் தங்கியிருக்கிறாள். அவள் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

“நான் வன்னிப் பிள்ளை என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். அம்மாவின் ஆட்களும் அப்பாவின் ஆட்களும் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பது தெரியாது. வீட்டில் அம்மாயி என்று கூப்பிடுகிறவரை இங்கே அம்மம்மா என்று சொல்கிறேன். அவரோடு போனில் கதைக்க வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போய்விடுவேன். இவர்களைப் போல நல்ல சிநேகிதிகள் எனக்கு முன்பு இருந்ததில்லை. ஒருநாள் ஒருத்தி, கடைக்காரப் பெடியன் கதைத்த விதத்தை நடித்துக் காட்டி ‘தோட்டக்காட்டுத் தமிழ்’ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. இப்போது தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரப்போகிறோம் என்று மூன்று பேரும் நிற்கிறார்கள். சொல்லவா, விடவா? சொன்னால் இவர்கள் என்னோடு இருப்பார்களா?”

மகள், உன்னை அப்படியே கூப்பிடுகிறேன். நான் வன்னியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்த ஆசிரியை. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். நீ பத்து மாதமாகச் செய்வதை நான் முப்பது வருடம் செய்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சொல். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லாதே, இந்தக் கிழமையே சொல்லாதே, அம்மாவிடம் கேட்காமல் சொல்லாதே. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. உன் வீட்டில் அதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் சொல்லவில்லை.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர்கள் இருக்கிற வரிசை வீடுகளுக்கு, நெருப்பு வைத்தார்கள். எனக்கு ஒன்பது வயது. ஒரு லொறியில் ஐந்து குடும்பம் ஏறினோம். மதவாச்சி தாண்டும் வரை தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டு வந்தோம். வவுனியாவில் ஒரு பண்ணையில் எட்டு மாதம் இருந்துவிட்டு, கூலி வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பா எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டி வந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன காலையில், வாய்க்கால் கட்டில் நடந்துகொண்டே அவர் சொன்னார்: “எந்த ஊர்னு கேட்டா தோட்டம்னு சொல்லாத புள்ள. திருகோணமலைன்னு சொல்லு.” பண்ணையில் எங்களோடு திருகோணமலை ஆள் ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு அந்த ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

அப்பாவின் பயத்தை நான் கன காலம் வெட்கம் என்று தவறாக விளங்கிக்கொண்டேன். ஆசிரியையாகிச் சட்டங்களைப் படித்த பிறகுதான் அது வேறு விஷயம் என்று புரிந்தது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வன்னிக்கு வந்து சேர்ந்தவர்களில் பலரிடம் எந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. பொலிஸ் மறித்தால் காட்ட ஒன்றும் இல்லை. “கள்ளத்தோணி” என்ற சொல்லைத் தெருவில் கேட்டு வளர்ந்தவர் எங்கள் அப்பா. அவருக்குத் தோட்டம் என்ற சொல் மகளை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிடக் கூடிய சொல். அதனால் ஒளித்தார்.

உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார். பெற்றோரின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் “இலங்கைத் தமிழர்” என்று இருந்தால், அந்தப் பதிவுக்காக உன் தாத்தாவோ அப்பாவோ யாரிடமாவது கெஞ்சிக் கேட்டிருக்கக்கூடும். வன்னியில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் பதிந்தார்கள். “இந்தியத் தமிழர்” என்று இருந்தால், கம்பஸுக்குப் பதிய அந்தப் பத்திரத்தை நீட்டியபோது உன் நெஞ்சு அடித்திருக்கும், எனக்குத் தெரியும். என் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆசிரியர் நியமனத்துக்குப் போட்டோப் பிரதி எடுக்கப் போனபோது, கடைக்காரர் வாசித்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

இன்று அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. நீ சொல்வதால் யாருக்கும் எந்தக் கடதாசியும் பறிபோகாது. ஆனால் அம்மாயி 2003க்குப் பிறகும் அதே பயத்தோடு இருந்திருக்கலாம். சட்டம் மாறியதை வீடு வீடாக வந்து யார் சொன்னார்கள்? அதனால்தான் அம்மாவிடம் முதலில் கேள் என்கிறேன். இது உன் ரகசியம் என்று நீ நினைக்கிறாய். உன் வீட்டாரும் சேர்ந்து காத்த ரகசியம் அது. அவர்களைக் கேட்காமல் அவிழ்த்தால், பொங்கலன்று அடுப்படியில் அம்மாயி கூசிக்கொண்டு நிற்பார். அவர் அப்படி நிற்கக் கூடாது.

அம்மாயியிடம் பேசத் தொடங்கினால் இன்னும் நிறைய வரும். 1958இலும் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு ஆட்கள் வந்தார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது பசிக்கு வந்தார்கள். 77இல், 81இல், 83இல் கலவரங்களில் உயிருக்குப் பயந்து வந்தார்கள். டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் இவர்களைக் குடியேற்றியது. டொக்டரை 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் வைத்துக் கொன்றார்கள். ஏழைத் தோட்டச் சனத்துக்குக் காணி காட்டிவிட வந்த ஒரு வைத்தியர் அவர். அவர் பெயர் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய துக்கம். மணலாற்றுப் பக்கம் கென்ற் பாம், டொலர் பாம் என்ற பண்ணைகளில் இருந்த எங்கள் ஆட்களை 1984இல் கலைத்துவிட்டு அங்கே சிறைக்கைதிகளைக் குடியமர்த்தினார்கள். உன் கிராமத்து முதியவர்களில் யாராவது அங்கிருந்து கலைபட்டு வந்தவராக இருக்கலாம். கேட்டுப் பார்.

இன்னொன்றும் தெரிந்துகொள். கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கித்தான் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் செத்தவர்களைப் பாதையோரத்தில் போட்டுவிட்டு நடந்தார்கள். எங்கள் ஆட்கள் இந்தத் தீவில் முதலில் மிதித்தது மலையை இல்லை, இந்த வடபுலத்துக் காட்டைத்தான். 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட்டில் மாத்தளையில் முடித்த நினைவு நடைபயணத்தில் நானும் ஒருநாள் நடந்தேன். வெயில் தாங்க முடியவில்லை. பாதையோரத்தில் ஒரு மனுசி தேசிக்காய்த் தண்ணி கரைத்து வைத்துக்கொண்டு நின்று எல்லாருக்கும் கொடுத்தா. “எங்கட ஆக்கள்” என்று பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைக்குச் சொன்னா. அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவவுக்கு நான் ஏன் அழுகிறேன் என்று விளங்கியிராது.

சரி, உன் சிநேகிதிகளுக்கு வருவோம். அதற்கு என் சிநேகிதியின் கதையைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள் அவள். அவளுடைய ஐயா ஒரு கமக்காரர். அவர்களும் அந்த ஊருக்கு வந்தவர்கள்தான், குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் களனியாக்கியவர்கள். கிளிநொச்சியில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். எங்கிருந்து வந்தாய் என்பதில்தான் மேல் கீழ் இருந்தது. ஒரு தோடம்பழத்தை எனக்குத் தராமல் அவள் சாப்பிட மாட்டாள். நான் அவளிடம் திருகோணமலைக் கதைகள் சொன்னேன். கோணேசர் கோயில், கடல், கடலில் வரும் கப்பல். எல்லாம் புத்தகத்திலும் பிறர் வாயிலும் கேட்டவை. ஒருநாள் அவளுடைய மாமா திருகோணமலையில் வேலை பார்த்தவர் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போவதையே நிறுத்தினேன். அந்த மாமா என்னைக் கேள்வி கேட்டுவிடுவார் என்ற பயம். அவள் கூப்பிடும்போதெல்லாம் வயிற்றுவலி, காய்ச்சல், தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சாட்டுச் சொன்னேன்.

1979 சிறுபோகத்தில் ஒருநாள் மட்டும் தப்ப முடியவில்லை. மேட்டுக்காணியில் அவர்களுக்கு அரை ஏக்கர் மிளகாய் இருந்தது. பழம் பிடுங்க ஆள் காணாது என்று பள்ளி விட்டதும் எங்களையும் கூட்டிப் போனார்கள். மிளகாய்ப்பழத்தை அவர்கள் பிடுங்குவது ஒரு கையால் செடியைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் காம்போடு ஒடித்து, காலடியில் இருக்கும் கடகத்தில் போட்டு. நான் இரண்டு கையாலும் பிடுங்கினேன். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் எறிந்தேன். முதுகில் கூடை இருக்கவில்லை. சிவப்பாக நாலைந்து பழம் மண்ணில் விழுந்து கிடந்தது. தோட்டத்தில் இருந்தபோது அம்மாவைப் பார்த்து நாங்களும் சின்னக் கூடைகளை நெற்றிக் கயிற்றில் மாட்டிக்கொண்டு வேலிச் செடியில் கொழுந்து எடுத்து விளையாடுவோம். கைக்கு அது பழகிப்போயிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் பழங்களைப் பொறுக்கிக் கடகத்தில் போட்டாள். அவளுடைய ஐயா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வாழ்க்கை எங்களைப் பிரித்தது. கலியாணம் முடித்து அவள் முல்லைத்தீவுப் பக்கம் போனாள். கலியாணத்துக்கு என்னைத் தோழியாக நிற்கச் சொல்லிக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. என் பூர்வீகம் தெரிந்துவிட்டது, அதனால்தான் ஒதுக்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவோடு வருடக் கணக்காக இருந்தேன்.

2009இல் யுத்தம் முடிந்து எங்களை அடைத்த செட்டிகுளம் முகாமில் அவளைக் கண்டேன். ஏறக்குறைய 3 இலட்சம் சனம் அடைபட்டுக் கிடந்த காலம். தண்ணிப் பவுசருக்கு வரிசையில் நின்றோம், அவளுக்கும் எனக்கும் இடையில் ஏழெட்டுக் கான் இருந்தது. அவளுடைய மூத்த மகன் புதுமாத்தளனில் போய்விட்டான். என் தம்பியும் இல்லை. அழுது முடித்து, பேச ஒன்றும் இல்லாமல் தறப்பாளுக்குக் கீழே இருந்த ஒரு பின்னேரம் நான் சொன்னேன்: “எடி, நான் உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறன். நாங்கள் திருகோணமலை ஆக்கள் இல்லை.”

“தெரியும்,” என்றாள். “மிளகாய் பிடுங்கேக்க நீ பின்னுக்கெல்லே எறிஞ்சனீ. எங்கட ஐயா அண்டைக்கு இரவே சொன்னவர், அது கொழுந்து எடுக்கிற கை எண்டு. பாவம், பிள்ளையிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ எண்டும் சொன்னவர்.”

“பிறகேன் என்னோட விலகினனீ?”

“நானோ? நீயெல்லோ எங்கட வீட்ட வராமல் விட்டனீ. நீயாச் சொல்லுவாய் எண்டு எவ்வளவு காலம் பாத்தனான். சொல்லேல்லை. சரி, நான் இவளுக்கு அவ்வளவு நெருக்கம் இல்லையாக்கும் எண்டு விட்டிட்டன்.”

மகள், உனக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். ஒளிக்கும்போது நாங்கள் மட்டும்தான் வெளியே நிற்கிறோம் என்று நினைக்கிறோம். எங்களை நேசிப்பவரையும் வாசலுக்கு வெளியே நிற்பாட்டி வைத்திருக்கிறோம் என்பது தெரிவதில்லை. அவள் என்னிடம் வரப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் படலையைச் சாத்தி வைத்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்திருக்க வேண்டிய முப்பது வருடச் சிநேகம் அப்படிப் போனது. நீ எழுதியிருக்கிறாய், “இவர்களைப் போல நல்ல சிநேகிதிகள் எனக்கு இருந்ததில்லை” என்று. நீ கிணற்றடிக்குப் போவதை அவர்கள் நீ நினைப்பதைவிடக் கூடுதலாகக் கவனித்திருப்பார்கள். வீட்டுக்கு வருகிறோம் என்று மூன்று பேரும் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் பொங்கல் மட்டும்தானா என்று யோசித்துப் பார்.

நீ பொய் சொல்லிக்கொண்டு வாழ்கிறாய் என்று உன்னையே திட்டிக்கொள்ளாதே. வன்னிப் பிள்ளை என்று சொன்னாய், அது பொய்யா? நீ பிறந்தது இங்கே. வீட்டில் எல்லாரும் ஷெல்லுக்கு ஓடியது இந்த மண்ணில். பங்கருக்குள் பாடம் படித்த ஊர் இது. போராட்டத்துக்குப் பிள்ளைகளைக் கேட்டபோது எங்கள் கிராமங்களில் யாரும் பூர்வீகம் விசாரிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் அதே மாவீரர் துயிலும் இல்லங்களில்தான் படுத்தார்கள். அதனால் வன்னிப் பிள்ளை என்பதை நீ விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்கப் போகிறாய், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்ற கடமையும் உனக்கு இல்லை. வீட்டுச் சொந்தக்காரர், கூடப் படிக்கிற இருநூறு பேர், பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருந்து “உங்கட சொந்த இடம் எது?” என்று துருவித் துருவிக் கேட்கிற அன்ரி, இவர்களுக்கெல்லாம் உன் தாத்தாவின் கதை தேவையில்லை. கேட்டவருக்கு ஊரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது ஒளிப்பது ஆகாது. ஒளிப்பது என்பது அம்மாயியின் குரலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவது. அது உன்னைத் தின்கிறது. அதைத்தான் நிறுத்த வேண்டும்.

எப்படி என்று கேட்பாய். மூன்று பேரில் யார் மற்றவர்களைப் பற்றி உன்னிடம் குறை சொல்லாதவள் என்று பார், அவள்தான் முதல் ஆள். தனியாகக் கூப்பிட்டு வைத்து, “உன்னிட்ட ஒண்டு சொல்ல வேணும்” என்று தொடங்காதே. அப்படித் தொடங்கினால் கேட்பவள் ஏதோ குற்றம் என்று பயந்துபோவாள், நீயும் மன்னிப்புக் கேட்கிற குரலில் கதைப்பாய். அவள் பக்கத்தில் இருக்கும்போது அம்மாயிக்குப் போன் எடு. வீட்டில் கதைக்கிற மாதிரியே கதை. “சாப்டியா அம்மாயி? கால் வலி எப்படி இருக்கு?” என்று கேள். போனை வைத்த பிறகு அவள் முகத்தைப் பார். அவள் கேட்டால், “எங்கட தாத்தா ஆக்கள் தோட்டத்தில இருந்து வந்தவை, வீட்டில இப்பிடித்தான் கதைப்பம்” என்று சொல். கேட்காவிட்டால் விடு, நாளைக்கு அவளே கேட்பாள்.

நீ சிரித்த சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் எனக்கு ஆகவும் வலித்த இடம் அது. நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன். ஆசிரியர் அறையில், ஒரு தகப்பன் பிள்ளையைச் சேர்க்க வந்து கதைத்துவிட்டுப் போனதும், ஒரு ஆசிரியர் அவர் மாதிரி நடித்துக் காட்டினார். அந்த மனுசனின் குரல் எங்கள் அப்பாவின் குரல். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். இன்றைக்கும் அந்தக் கோப்பையின் விளிம்பில் இருந்த நீலக் கோடு ஞாபகம் இருக்கிறது. சிரித்ததற்காக உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே, பயந்த பிள்ளை செய்த காரியம் அது. ஆனால் ஒன்று செய். அந்தக் கடைக்குத் திரும்பப் போ. அந்தப் பெடியனிடம் சாமான் கேட்கும்போது உன் வீட்டுத் தமிழில் கேள். அவன் நிமிர்ந்து பார்ப்பான். அவனும் தன் கடை முதலாளிக்கு முன்னால் என்னென்ன சொற்களை விழுங்குகிறானோ.

நடித்துக் காட்டிய பிள்ளையோடு கோபிக்க வேண்டாம். அவள் அந்தச் சொல்லைத் தன் வீட்டில் கேட்டிருப்பாள், அது யாரைக் குத்தும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள். உண்மையை அறிந்த பிறகும் அதைச் சொன்னால், அப்போது அது வேறு கதை. “அந்தச் சொல்லு என்னை நோகும், சொல்லாத” என்று ஒருமுறை முகத்தைப் பார்த்துச் சொல். இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்தால் அவள் உன் சிநேகிதி இல்லை.

இன்னொன்று. அந்த அறையில் நீ ஒருத்திதான் ஒளிக்கிறாய் என்று நினைக்காதே. 2009க்குப் பிறகு வன்னியில் ஒளிக்காதவர் குறைவு. இயக்கத்தில் இருந்து, புனர்வாழ்வு முடித்து வந்த அக்காமார் எத்தனையோ பேர் வெட்டிய தலைமயிரை இடுப்பு வரை வளர்த்து, காயத் தழும்புக்கு மேல் நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு, கலியாணம் செய்த வீட்டுக்கே அதைச் சொல்லாமல் இருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளில் தகப்பன் காணாமல் போனதை “வெளிநாட்டில” என்று சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய ஒளிப்புக்கு உயிர்ப் பயமும் காரணம், அதனால் யாரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. உன் அறைச் சிநேகிதிகள் மூன்று பேருடைய வீட்டிலும் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? நீ ஒன்றைச் சொன்னால் அவர்களில் ஒருத்திக்கு மூச்சு விடத் துணிவு வரலாம். வராவிட்டாலும் கேட்காதே.

சொன்னால் இருப்பார்களா என்று கேட்டாய். எல்லாரும் இருப்பார்கள் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். என் தம்பிக்கு ஒரு கலியாணம் பேசினோம். குறிப்புப் பொருந்தியது, பெண் வீட்டில் பலகாரம் எல்லாம் தந்தார்கள். பிறகு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தோம். அதோடு அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வரவில்லை. காணி விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் இருக்கிற கிராமங்கள் பல இன்றும் வாய்க்கால் தண்ணி எட்டாத மேட்டு நிலத்தில் இருக்கின்றன. இரணைமடுவின் கீழே மற்றவர்களின் வயலில் நாற்று நட்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு பரப்பு வயல் இல்லை. இதெல்லாம் உண்மையாக இருக்கிற இடத்தில், ஒரு பிள்ளை முகம் சுழிக்க மாட்டாள் என்று நான் எப்படி உத்தரவாதம் தர முடியும்? ஒருத்தி விலகலாம். விலகினால் கன நாள் அழுவாய். ஆனால் அவள் விலகியது உன்னைப் பார்த்த பிறகு. இப்போது அவர்கள் அன்பு வைத்திருக்கிற பிள்ளைக்கு அம்மாயி இல்லை, அந்தப் பிள்ளைக்கு வருகிற அன்பு உன் கைக்கு வந்து சேரவில்லை, அதனால்தான் மூன்று பேருக்கு நடுவில் படுத்தும் உனக்கு நித்திரை வரவில்லை.

கூடவே சொல்கிறேன், என் சிநேகிதியின் ஐயா வரம்பில் நின்றதை மறக்காதே. ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் கையைப் பார்த்தே எல்லாம் விளங்கி, கேட்காதேங்கோ என்று வீட்டாருக்குச் சொன்ன மனுசன். அப்படியானவர்களும் இந்த மண்ணில் நிறைய இருக்கிறார்கள். நான் அவரைத் தெரிந்துகொள்ளாமலே விட்டுவிட்டேன். முகாமில் அவளைக் கண்டபோது அவர் செத்துப் பத்து வருடம்.

பொங்கலுக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது, அது போதும். இந்தச் சனி ஞாயிறு வீட்டுக்குப் போ. அம்மா சமைக்கும்போது பக்கத்தில் இருந்து கேள், சிநேகிதிகள் வரட்டுமா, அவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லட்டுமா என்று. அம்மாயியிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், லயத்தில் எத்தனையாவது காம்பிரா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வை. எந்த வருடம் இறங்கினார்கள், வரும்போது என்ன கொண்டுவந்தார்கள் என்றும் கேள். எங்கள் அம்மா கொண்டுவந்தது ஒரு அம்மிக் குழவி மட்டும். கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் தூக்கி வந்தா. ஏன் என்று அவ இருக்கும்போது நான் கேட்கவில்லை.

அம்மா சம்மதித்தால் எனக்கு ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது, அம்மாவுக்கு என்ன பயம் என்பதையும் சேர்த்து எழுது. அதிலிருந்து யோசிப்போம்.